புத்தூரில் ஒரு டீக்கடை

“நேரில் பார்க்காத எதையும் நான் எழுதுவதில்லை” என்றேன்.

கைதட்டினார்கள். திருத்தணியில் அந்த நூலக மாடியில் பதினான்கு பேர் இருந்தார்கள். அதில் நாலு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். ஆனாலும் கைதட்டல் கைதட்டல்தான்.

என் புது நாவலைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நூலகர் குணசேகரன் அழைப்பிதழில் போட்டிருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை பக்கம், பேனாவா கணினியா, பாத்திரங்கள் கனவில் வருவார்களா. இதற்கெல்லாம் சென்னையிலிருந்து கிளம்பும்போதே என்னிடம் பதில் தயாராக இருந்தது.

கடைசி வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் கௌரியம்மாள், ஊர் கே.ஜி.கண்டிகை என்றார். கையில் என் நாவல். நடுவில் ஒரு பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்தார்.

“நீங்க எழுதினாப்புலயேதாங்க. ஆடிக் கிருத்திகை கூட்டம். மொட்டை அடிச்சி சந்தனம் பூசினதும் எல்லாப் புள்ளைங்களும் ஒண்ணாட்டம் இருந்துச்சி. பச்சை டவுசரைப் பார்த்து வேற யாரு புள்ளையையோ இழுத்துகினு பாதிப் படி இறங்கிட்டேன். திரும்பி ஏறிப் போனா என் புள்ளை இல்ல. இருபத்திரண்டு வருசம் ஆவுது.”



ஒருமுறை மலைக்கு வந்தபோது கண்டிகை டீக்கடையில் யாரோ சொல்லிக் கேட்டதுதான் அது. அந்தத் தாய் இங்கேயே இருப்பார், புத்தகம் படிப்பார் என்று நான் யோசிக்கவே இல்லை.

மீதிக் கதை என்னுடையது. நாவலில் பையன் சாகவில்லை. ஆந்திரா பஸ்ஸில் ஏறிவிடுகிறான். புத்தூரில் ஒரு டீக்கடைக்காரரை நைனா என்று கூப்பிட்டு, அங்கேயே வளர்ந்து ஆளாகிறான்.

“அந்தக் கடை புத்தூர்ல எந்தப் பக்கம்ங்க?”

அது கற்பனை அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் சற்றுமுன் கைதட்டியவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தால் இடது கைப் பக்கம்” என்றேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். ‘இடது’ என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டார். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, நன்றியுரைக்குக் காத்திராமல் அவசரமாகப் படியிறங்கிப் போனார்.

குணசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கேள்வி உண்டா என்றார்.

நான் புத்தூருக்குப் போனதே இல்லை. இங்கிருந்து ஒரு மணி நேரம்தான் என்கிறார்கள்.