நூறு வாட்

"பழைய ஸ்பீக்கர் எரிஞ்சுபோச்சு தம்பி. இந்தத் தடவை எரியாததாக் குடுங்க."

மதியத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சேல்ஸ்மேன் துள்ளி எழுந்தார். அறுபதைத் தாண்டிய அந்த அம்மா, கைப்பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தை அனுப்பும் ரிசீவர் வந்த பெட்டியிலிருந்து கத்தரித்தது. வாட், ஓம் விவரமெல்லாம் அதில் அச்சாகியிருந்தது.

மற்றவர்கள் ரிசீவரின் பின்பக்கத்தைப் போனில் படம் பிடித்து வருவார்கள். பெட்டியை வெட்டிக்கொண்டு வந்த ஆளை அவர் அன்றுதான் பார்த்தார்.

"இது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நூறு வாட் தள்ளுறதும்மா. இருந்த ஸ்பீக்கர் எத்தனை வாட்?"

"தூக்கிப் போட்டப்ப பின்னாடி பாத்தேன். நாப்பது."

"அதான் விஷயம். நாப்பதைத் தாங்குறது தலையில நூறை ஏத்தினா பாவம், அது என்ன பண்ணும்? சத்தமா வேற வெச்சிருப்பீங்க."

"நல்ல சத்தம்தான். எந்தப் படமா இருந்தாலும் சத்தமாத்தான் ஓடும்" என்றார் அந்த அம்மா, பெருமையாக.

ரிசீவர் தருகிற நூறைத் தாங்கும் ஜோடிகளாக நான்கு ஸ்பீக்கர், பேச்சுக்கென்று நடுவில் வைக்க ஒன்று. எடுத்து அடுக்கியபடியே, "வீட்ல எத்தனை பேரும்மா?" என்று வாயைக் கிளறினார்.

"நான் ஒருத்திதான்."

"ஒருத்திக்கு அஞ்சு ஸ்பீக்கரா!"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "அது ஓடிட்டிருந்த வரைக்கும் சாயங்காலம் போறதே தெரியாது தம்பி. நான் பாட்டுக்குச் சமைப்பேன். யாரோ பேசுவாங்க, சண்டை போடுவாங்க, சிரிப்பாங்க. இப்ப என் வீட்ல நான் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். அதுக்குப் பயந்து தட்டை மெதுவா வைக்கிறேன்."

நாள் முழுக்க இரைச்சலில் கிடந்து, எப்போதடா காதுக்கு ஓய்வு என்று ஏங்குகிறவர் சேல்ஸ்மேன். அமைதியை ஒரு வியாதி போலச் சொல்கிறாரே என்று அவருக்கு மனசு என்னவோ செய்தது. கேலியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "உள்ள வாங்கம்மா, போட்டுக் காட்டுறேன்" என்று கேட்டுப் பார்க்கும் அறைக்கு அழைத்தார்.

"நீங்க உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் போடுங்க. நான் வெளிய நிக்கிறேன்."

சேல்ஸ்மேனுக்கு ஒன்றும் ஓடவில்லை. இருந்தாலும் உள்ளே போய் ஒரு படத்தை ஓடவிட்டார். சற்றுப் பொறுத்துக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால், அந்த அம்மா சுவரில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்.

சரிதான், மரை கழண்ட கேஸ் என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க தம்பி. பேசுறது தெரியணும்."

கூட்டினார். அந்த அம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. "இதுவே போதும். சிரிக்கிறதுகூட நல்லாக் கேக்குது. இது எரியாதே?"

"ஆயுசுக்கும் எரியாதும்மா. நான் கேரண்டி."

பேரம் பேசாமல் பணத்தைக் கட்டினார். சேல்ஸ்மேன் பில்லை எடுத்துக்கொண்டு விலாசம் கேட்டார்.

"ரெண்டாவது மாடி, நாலாம் நம்பர். பெட்டியைக் குடுக்கும்போது, குலுக்கல்ல விழுந்த பரிசுன்னு சொல்லிக் குடுக்கணும்."

சேல்ஸ்மேன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "காசு குடுத்து வாங்கின பொருளை உங்ககிட்டயே பரிசுன்னு சொல்லணுமாம்மா?"

"என்கிட்ட எதுக்கு? நாலாம் நம்பர் பக்கத்து வீடு தம்பி. அவங்க போட்டா எனக்குச் சுவர் வழியாவே கேக்கும்."