டெர்லிஸின் ஞானத்தகப்பன்

“பதினோரு நாளாச்சு! எம் மகன் எங்கே, தலைவரே?” என்று மேசையில் ஓங்கி அடித்தான் அனிசெத்தோ.

ஆளும் கட்சியின் வட்டத் தலைவர் செவேரோ அவசரப்படாமல் தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சினார். அனிசெத்தோவின் மகன் டெர்லிஸை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவர் அவர்தான்.

“மெல்லப் பேசு. சுவத்துப் படத்துல நம்ம அதிபர் ஜெனரல் பார்த்துக்கிட்டிருக்கார்.”

“நல்லாப் பார்க்கட்டும்! ஞானத்தகப்பன்னு வாராவாரம் வந்து எங்க வீட்டு ரொட்டியைத் தின்னீங்களே, செரிச்சுதா?”

பெர்லா கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க, போயிடலாம்.”

செவேரோ ஒரு பொட்டலத்தையும் காகிதத்தையும் நகர்த்தினார். “ஆத்துல குதிச்சுட்டான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்க.”

உள்ளே டெர்லிஸின் சட்டை இருந்தது. துளி ஈரமில்லை. நெஞ்சுப் பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது.

அனிசெத்தோ சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். “மாணவர் சங்கத்துல சேர்ந்தது அவ்வளவு பெரிய குத்தமா? ஒளிஞ்சிருந்த பிள்ளையை எந்த நாய் காட்டிக்கொடுத்துச்சு? பேரைச் சொல்லுங்க!”

செவேரோ பெர்லாவைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தெரெரேக் குவளையைப் பிடுங்கி அவர் முகத்திலேயே வீசினாள்.

“ரெண்டே நாள் வச்சு மிரட்டி அனுப்பிடறேன்னு மாதா மேல சத்தியம் பண்ணினியேடா பாவி! அதை நம்பித்தானே அவன் இருக்கிற இடத்தைச் சொன்னேன்!”