நிழலில் உலர்ந்த இலைகள்

“உன் கீரை மஞ்சளாப் போனா அது உன் கைராசி. என் பட்டறையை ஏன் இழுக்குற?” முலாம் பூசும் பட்டறையின் முதலாளி கீரைத்தோட்டத்து வேலியோரம் நின்று கத்தினார்.

“உங்க கழிவுத் தண்ணி இந்தப்பக்கம் திரும்பின நாள்லேருந்து வேர் ஒரு விரல் நீளம்கூட இறங்கலை. நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க!” கீரைத்தோட்டக்காரி ஒரு செடியை மண்ணோடு பிடுங்கி அவர் காலடியில் வீசினாள்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி, காதில் எதுவும் விழாதவர் போல் இலை பறித்துக்கொண்டிருந்தார். முலாம் பூசப் பயன்படும் காட்மியம் என்ற நச்சு உலோகம் இலையில் ஏறியிருந்தால் பட்டறைக்குச் சீல். இருபது வருஷத்து உழைப்பு ஒரே நாளில் பூட்டில் தொங்கும்.

“மஞ்சளாத் தேடிப் பொறுக்காதீங்க சார்!” என்றார் முதலாளி.

“விக்கிற மாதிரி பச்சை இலையாத்தான் எடுக்கிறேன். ஜனங்க வாய்க்குப் போறதுதானே முக்கியம்?”

முதலாளியின் போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, மொட்டை மாடிக்கு இன்னும் ரெண்டு காலி டிரம் வேணும். போன தடவை குடுத்ததுல கீரையெல்லாம் காடா வளர்ந்து நிக்குது. பாப்பாதான் தினமும் தண்ணி ஊத்துறா.”

“கழுவி அனுப்பறேன், வை.” எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்று இவளுக்குத் தெரியவே தெரியாது.

பறித்த இலையைக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்திய பிறகுதான் உறையில் போட்டு ஒட்டுவார்கள். அதற்கு வேண்டிய மேசையும் மின்விசிறியும் பட்டறை ஆபீசில்தான் இருந்தன.

“அந்த ஆள் ரூம்லயா? நான் ஒத்துக்க மாட்டேன்!” என்றாள் கீரைக்காரி.

“அரை மணி நேரம்தாம்மா. அதுக்குள்ள மண்ணும் எடுத்துடலாம், வாங்க.”

மண் எடுப்பதில் தில்லுமுல்லு நடந்துவிடக் கூடாதென்று, அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதிகாரியின் பின்னாலேயே போனாள். ஆபீசில் ஆள் இல்லை.

முதலாளி கதவைச் சாத்தினார். காலையிலேயே வீட்டிலிருந்து பையில் கொண்டுவந்திருந்த கீரைக் கட்டைப் பிரித்தார். அதே ரகம். பூச்சி மருந்துகூடப் படாதது. இதைவிடச் சுத்தமான கீரையை எவனும் காட்ட முடியாது என்று அவர் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்வார். மேசையில் கிடந்ததை அள்ளிப் பைக்குள் திணித்துவிட்டு, இதைக் கழுவிப் பரப்பினார்.

அதிகாரி வந்து உறையை ஒட்டி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். கீரைக்காரி முறைத்தாள். அவள் வயிறு இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்று முதலாளி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

பத்தாம் நாள் மத்தியானம் அதிகாரி சீல் வைக்கும் ஆட்களோடு வந்து இறங்கினார்.

“மண்ணுல சுமாராத்தான் இருக்கு. இலையிலதான் அநியாயம். இருக்கலாம்னு சொல்ற அளவைப்போல முப்பது மடங்கு காட்மியம்! பார்க்கத் தளதளன்னு இருக்கும். தொடர்ந்து தின்னா கிட்னி போயிடும், எலும்பு உளுத்துடும்.”

“பொய்!” என்று கத்தினார் முதலாளி. “அதுல இருக்கவே முடியாது சார். அது நல்ல கீரை!”

“என் கீரைக்கு இவர் சாட்சி சொல்றாரு பாருங்க!” கீரைக்காரி கைகொட்டிச் சிரித்தாள். “பட்டறை போச்சுல்ல? நல்லா அழுங்க!”

அவர் அவளைப் பார்க்கவில்லை. சீல் வைக்க மெழுகு உருக்கியவனையும் பார்க்கவில்லை. முற்றத்தில், வீட்டுக்கு அனுப்பக் கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு நீல டிரம்களைப் பார்த்தார். பாதி உரிந்த லேபிளில் ‘காட்மியம்’ என்ற எழுத்துகள் இன்னும் அழியாமல் இருந்தன.

போனை எடுத்தார். விரல் இரண்டு முறை தப்பான எண்ணில் விழுந்தது. மூன்றாம் முறை மனைவி எடுத்தாள்.

“பாப்பாவுக்குக் கீரை ஊட்டிட்டியா?”