மாம்பழம், சாவி, படகு

"மூணு வார்த்தை சொல்றேன், மனசுல வெச்சுக்க மகளே" என்றார் டாக்டர் எவரார்டோ. "மாம்பழம், சாவி, படகு. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன்."

மைரேலிஸ் தலையாட்டினாள். மேசைக்கடியில் இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக்கொண்டாள்.

கியூபாவின் கடலோர ஊரான ஹிபாராவில், இருபத்தொன்பது வருடம் பேட்டைக்கே வைத்தியம் பார்த்த நாற்காலி அவருடையது. அதில் அவர் உட்கார்ந்துவிட்டால் எதிரே வரும் எல்லாப் பெண்களும் மகள்தான், எண்பது வயது மீன்காரி உட்பட.

"எதுக்கு இப்படி வேர்க்குது? பயந்தா ரத்தக்கொதிப்பு ஏறும். ஏறினா மருந்துக்கடையில மாத்திரையும் கிடையாது, சொல்லிட்டேன்."

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

போன வாரம் மாடிச் சமையலறையில் காபிக் கெண்டி அடுப்பிலேயே உருகி, சுவரெல்லாம் கரி. முந்தாநாள், பிறந்து வளர்ந்த ஊரில் வீட்டுக்கு வழி தெரியவில்லை.

இந்தச் சோதனையை மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள் மைரேலிஸ். "தெரிஞ்சாத்தானே பார்த்துக்க முடியும்?" என்று நர்ஸ் ஒடாலிஸ்தான் இன்று பிடித்து உட்கார வைத்தாள். தேறாவிட்டால் அடுப்புக்கு ஒரு பூட்டு, வாசலுக்கு ஒரு பூட்டு. அப்புறம் என்ன வாழ்க்கை அது?

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன், டாக்டர்."

"நூறுலேருந்து ஏழேழாக் கழி."

"தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது..."

"போதும், போதும். நானே தோத்துடுவேன் போலிருக்கு."

சன்னலோரம் ஒடாலிஸ் ஓர் அட்டையில் குறித்துக்கொண்டிருந்தாள். மைரேலிஸ் பேசும்போது அவள் பேனா சும்மா இருந்தது. டாக்டர் பேசும்போதுதான் ஓடியது.

வெளியே வரிசையில் நின்ற யாரோ கதவைத் தட்டினார்கள். "உள்ள என்ன, பிரசவமா நடக்குது?"

"கத்தினா ஊசி போடுவேன்" என்று டாக்டர் பதிலுக்குக் குரல் கொடுத்தார். வெளியே சிரிப்புச் சத்தம். பிறகு அவர் திரும்பினார். "சரி மகளே, அந்த மூணு வார்த்தை என்ன?"

அவளுக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

"கொய்யா" என்றாள்.

ஒடாலிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"குடை... குதிரை."

டாக்டர் அவளையே உற்றுப் பார்த்தார். அந்த ஒரு நொடிக்குள் அவள் வேண்டாத மாதா இல்லை.

அவர் முகம் மலர்ந்தது. "மூணும் சரி. உனக்கு ஒண்ணுமில்ல, போ."

சட்டைப் பையிலிருந்து தம் ரப்பர் முத்திரையை எடுத்தார். மருந்துச் சீட்டில் 'பூரண நலம்' என்று எழுதி, ஓங்கி ஒரு குத்துக் குத்தி நீட்டினார்.

சீட்டை வாங்கிய மைரேலிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. கதவருகே போனதும் ஒடாலிஸ் அவள் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டரம்மா, நீங்க வேணும்னே தப்பாச் சொன்னதை உங்க அப்பா கண்டுபிடிக்கவே இல்ல. அவர்கிட்டேருந்து முத்திரையை இன்னைக்கே வாங்கிடுவோம், இனி யாருக்கும் சீட்டு எழுத வேண்டாம்."