முப்பத்தெட்டு ஜன்னல்கள்

"தினமும் பதினோரு மணியானா சர்வர் படுத்துக்குது. நீயும் கூடவே படுத்துக்கிறியா?" மேனேஜர் கத்தினார்.

திட்டு வாங்கியது சர்வரக்கா. ஆபீஸ் சர்வரைக் கவனிப்பவள். எங்கள் எல்லோருக்கும் அக்கா.

"நாளைக்கும் படுத்தா நீ வீட்டுக்குப் போகலாம். தலைமை ஆபீஸுக்கு எழுதிட்டேன்."

வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பாதிப்பது அவள் ஒருத்தி.

மறுநாள் பத்தரைக்கே திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்து சீட்.

"மெமரி நிறைய இருக்குடா. நெட்வொர்க்குக்குன்னு ஒதுக்கின பஃபர்தான் தீர்ந்துபோகுது."

"புரியற மாதிரி சொல்லுக்கா."

"இதுவும் ஹோட்டல் சர்வர் மாதிரிதான். ஆர்டர் கொடுத்தவன் வாங்கிக்கிற வரைக்கும் கையில ஏந்திக்கிட்டு நிக்கும். இங்க எவனோ கேட்டுக்கிட்டே இருக்கான், வாங்கவே மாட்டேங்கிறான். ரெண்டு கையும் நிறைஞ்சா அடுத்த ஆளுக்கு எப்படிக் கொண்டுபோகும்?"

மேனேஜர் பின்னாலேயே நின்றிருந்தார். "எவன் அவன்? சொல்லு, இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!"

அக்கா தட்டிப் பார்த்தாள். ஒரே கம்ப்யூட்டர், முப்பத்தெட்டு இணைப்பு.

"உங்க ரூம் சார்."

நாங்கள் ஒழுங்காக வேலை செய்கிறோமா என்று வேவு பார்க்க அவரே போட்ட புரோகிராம்! முப்பத்தெட்டு பேருடைய திரையும் சர்வர் வழியாக அவர் கம்ப்யூட்டருக்குப் போய், ஆளுக்கொரு ஜன்னலில் தெரியும். ஜன்னலைச் சுருக்கினால் வாங்குவதை நிறுத்திவிடும். மனுஷன் காலையில் எல்லாவற்றையும் திறந்து, சுருக்கி ஓரமாக வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் சீட்டாடியிருக்கிறார்.

அக்கா அவர் அறைக்குப் போய் முப்பத்தெட்டையும் மூடினாள். பதினோரு மணி தாண்டியும் சர்வர் சமர்த்தாக ஓடியது.

"தலைமை ஆபீஸுக்கு அனுப்பற ரிப்போர்ட்ல இதையெல்லாம் எழுதணுமாம்மா?" என்று குழைந்தார் மேனேஜர். அடடா, என்ன ஒரு பணிவு!

அக்கா எழுதினாள். நான்கு பக்கம், சீட்டாட்டம் உட்பட ஒன்று விடாமல். முதல் வரி: 'கோளாறு மேனேஜர் அறையில் கண்டுபிடிக்கப்பட்டது.'

மூன்றாம் நாள் தலைமை ஆபீஸிலிருந்து பதில் வந்தது.

'அறிக்கையை முழுவதும் படித்தோம். தன் அறையில் இருந்தபடியே கோளாறைக் கண்டுபிடித்த மேனேஜருக்குப் பாராட்டுகள். அந்தப் பெண் வேலையில் தொடரலாம். ஆனால் இனி அவருடைய நேரடிக் கண்காணிப்பிலேயே இருக்கட்டும்.'