ஊமை முரசு

ஜாவாத் தீவில் யோக்யகர்த்தா நகரை ஒட்டிய அந்தக் கிராமம் விற்றது நெல்லை அல்ல, நிசப்தத்தை. நகரத்துக்காரர்கள் அங்கே வந்து தூங்க, மணிக்கணக்கில் அதை வாங்கினார்கள். காரைக்குடியிலிருந்து வந்து அந்த வியாபாரத்தில் பெரும்பங்கு முதல் போட்டு, அங்கேயே குடியும் ஏறிவிட்ட வைரவனுக்குத்தான் தூக்கமில்லை. சத்தம் கூடினால் விலை இறங்கும். கைக்கடிகாரத்தில் ஓடும் விலையைப் பார்த்துப் பார்த்து, ஊர்ச் சேவல்களையெல்லாம் விரட்டியிருந்தார்.

அன்று கிணற்றடியில் அவர் மனைவி மீனாள் வழுக்கி விழுந்தாள். இடுப்பு அசையவில்லை, தனியாளாய்த் தூக்க முடியவில்லை. ஆபத்தென்றால் முச்சந்தியில் தொங்கும், உள்ளே குடைந்த மர முரசைத் தட்டுவது அவ்வூர் வழக்கம், ஊரே ஓடிவரும். ஓடிப்போய்த் தட்டினார். 'தொப்'பென்றது. ஓங்கி அடித்தும் அதே 'தொப்'தான்.

உள்ளே துணி. உருவினால், மீனாளின் பழைய சுங்குடிச் சேலை.

"நீங்கதானே ஐயா, இந்தச் சத்தமும் ஆகாதுன்னு கூட்டத்துல சொன்னீங்க? அம்மாதான் சேலை குடுத்தாங்க," என்று கிசுகிசுத்தான், அந்த வழியே வந்த பக்கத்து வீட்டு சுகெங்.

"அவ விழுந்து கிடக்கா! நாலு பேரு வேணும், கத்துப்பா!"

சுகெங் வாயைத் திறந்தான். வைரவனின் கண் தன்னையறியாமல் கடிகாரத்துக்குப் போனது. அதைப் பார்த்த சுகெங் வாயை மூடிக்கொண்டான்.