வெளியே கிடந்த கட்டில்

"கட்டிலு எதுக்கு மாப்ள ஆட்டுக் கொட்டகையில கெடக்கு?"

வண்டியை நிறுத்தியதும் செபமாலை கேட்ட முதல் கேள்வி அதுதான். தங்கையின் புருஷன் ஜஸ்டின் கை கால் கழுவிக்கொண்டிருந்தான். நார்த்தாமலைப் பக்கம் கல் குவாரியில் பாறைக்குத் துளை போடுகிற வேலை. உடம்பெல்லாம் கல்தூசி, தண்ணீர் பட்ட இடம் மட்டும் மனிதத் தோலாகத் தெரிந்தது.

திருக்கோகர்ணத்தில் கொத்தனார் வேலை பார்க்கும் செபமாலை சும்மா வரவில்லை. பக்கத்து வீட்டு ஐயனார் போன் பண்ணியிருந்தார். சில மாதமாக ஜஸ்டின் வீட்டுக்குள் படுப்பதில்லையாம். அடைமழையிலும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஆட்டோடு ஆடாகக் கிடக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையோடு எங்கோ கிளம்பிப் போகிறார்களாம். பிரிவதற்கு வக்கீலைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்பது ஐயனாரின் கணக்கு.

"ஞாயித்துக்கெழம எந்த வக்கீலுய்யா கடை தொறக்குறான்?" என்று கேட்டுவிட்டாரே தவிர, செபமாலைக்குத் தூக்கம் போய்விட்டது.

ஷர்லி ஏற்கெனவே ஒருத்தன் விட்டுப்போன பெண். கோயிலில் தாலி கட்டிய பிரசாந்த், மலேசியா போய் வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். கோர்ட்டு விவாகரத்து கொடுத்தது. கோயில் கொடுக்கவில்லை. அந்தக் கல்யாணம் செல்லாது என்று சொல்லக் கேட்டு பிஷப் ஹவுஸுக்கு நடையாய் நடந்தார்கள். கட்டும்போது இரண்டு பேரும் மனசாரத்தான் சம்மதித்தார்கள், ஓடிப்போனது பிறகுதான், ஆகவே கல்யாணம் செல்லும் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு வந்தவன் ஜஸ்டின். ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு, ஊர் பேசியதையெல்லாம் காதில் போடாமல் அவளைத் தாங்கினான்.

முதல் புருஷன் உயிரோடு இருக்க இன்னொருவனோடு வாழ்கிறவள் என்பதால், அன்றிலிருந்து ஷர்லிக்கு நன்மை, சாமியார் கையால் கொடுக்கும் அந்த அப்பம், கிடையாது. பூசையில் எல்லோரும் அதை வாங்க எழுந்து போகும்போது அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். போகிறவர்கள் அவள் முழங்காலை இடித்துக்கொண்டு போவார்கள். மகள் அன்புமொழி முதன்முதலாக நன்மை வாங்கிய அன்று, "ஒனக்கு ஏம்மா சாமி தரல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். விருந்துக்கு ஆக்கிய கறிச்சோற்றை ஷர்லி தொடவே இல்லை. ஊர்க் கோயிலுக்குப் போவதையும் அதோடு நிறுத்திவிட்டாள்.

இப்போது இவனும் விட்டுவிட்டால் அவள் கதி என்ன?

"வேற எவளாச்சும் இருக்காளா?" செபமாலை நேராகவே கேட்டார்.

"இல்ல மச்சான்."

"அப்ப இவ மேல சந்தேகமா?"

"வாய அளந்து பேசுங்க."

"பேசுவேன்யா. நாந்தான சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்? பொண்டாட்டி உள்ள படுத்திருக்கா, நீ இங்கிட்டு ஆட்டுக்குக் காவல் காக்குற. புருஷன்னா புருஷனா இருக்கணும்."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியதில் மேல் பட்டன் தெறித்து ஆட்டுக்கு வைத்த கழனித்தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. நாள் முழுக்கப் பாறையைத் துளைக்கிற கை. ஜஸ்டின் ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் செபமாலை ரோட்டில் கிடந்திருப்பார். அவன் கையைத் தூக்கவே இல்லை.

ஷர்லி ஓடிவந்து அண்ணனை விலக்கினாள். "அவர ஒண்ணும் சொல்லாதண்ணே."

தன் வீட்டுக்கு வந்துவிடு என்று அவர் கூப்பிட்டதற்கும் அசையவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது மீன் குழம்பில் நடுத்துண்டை எடுத்து ஜஸ்டின் தட்டில் வைத்தாள். வாலை அண்ணனுக்கு வைத்தாள். பிரியப்போகிறவள் நடுத்துண்டு வைப்பாளா? செபமாலைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, டவுனுக்குப் போகிற வழியில் திருக்கோகர்ணம் மெயின் ரோட்டு டீக்கடையில் காத்திருந்தார். நினைத்தபடியே மூன்று பேரும் பைக்கில் டவுனைப் பார்த்துப் போனார்கள். பின்னாலேயே போனார். வண்டி வக்கீல் வீட்டுக்குத் திரும்பவில்லை. புதுக்கோட்டையில் ஒரு கோயில் வாசலில் நின்றது.

செபமாலை கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நன்மை நேரம் வந்தது. அன்புமொழி எழுந்தாள். அவள் பின்னால் ஷர்லி எழுந்தாள். அவள் பின்னால் ஜஸ்டின். வரிசையில் போய், ஷர்லி கையை நீட்டி நன்மை வாங்கினாள்.

நின்றுகொண்டிருந்த சாரம் சரிந்த மாதிரி இருந்தது செபமாலைக்கு. திரும்பி வந்த தங்கையின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை அவர் பார்த்து வருஷக்கணக்காகிறது. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

பூசை முடிந்து வண்டியெடுக்க வந்தவனை மறித்தார். குரலைத் தாழ்த்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டார்.

"தெரியாத கோயிலாப் பாத்து சாமியார ஏமாத்துறீங்களா? புருஷன் பொண்டாட்டியா ஒண்ணாப் படுத்து எந்திரிச்சுட்டு நன்மை வாங்குறது எவ்வளவு பெரிய பாவம்னு தெரியுமா மாப்ள?"

ஜஸ்டின் கோபப்படவில்லை. அதே சட்டைதான். மேல் பட்டன் மட்டும் வேறு நிறத்தில், புதிதாகத் தைத்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"ஒண்ணாப் படுக்கலன்னுதான மச்சான் நேத்து இந்தச் சட்டையப் பிடிச்சீங்க? ஒரே வீட்டுல அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்க முடிஞ்சா நன்மை வாங்கலாம், ஊருக்குத் தெரிஞ்ச எடத்துல மட்டும் வேணாமுன்னு சாமியார்தான் சொன்னாரு. அவ வாங்கட்டுமேன்னு, அன்னைக்கே நாந்தான் கட்டிலத் தூக்கி வெளிய போட்டேன்."